நுவரெலியா போய் மழை அளக்கக் கற்றுக்கொண்ட கதை: நீலகிரி விவசாயக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கம் எங்கள் குழுவில் 9 பேர். கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் கேரட், பீன்ஸ். இலங்கை மலையகத்தில் இருக்கும் நுவரெலியாவுக்குப் போய் அங்குள்ள விவசாயிகளைப் பார்த்து வரலாம் என்று பேச்செடுத்த நாளுக்கும் விமானம் ஏறிய நாளுக்கும் நடுவே 11 மாதம் ஓடிவிட்டது. அதில் 5 மாதம் சுத்த வீண். தப்பான கடிதம், தப்பான விண்ணப்பம், பெயரில் ஒரு எழுத்துப் பிசகு, இப்படியே போனது. அடுத்து கிளம்பும் குழுவுக்கு 6 மாதம் போதும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கொடைக்கானல் மேல்மலைக்காரர்களுக்கும் பெரும்பாலும் இதே நடைமுறைதான்.

1. எதைக் கேட்கிறீர்கள், எதைக் கொடுக்கிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

நாங்கள் அனுப்பிய முதல் கடிதத்தில் "பருவநிலை மாற்றத்துக்கேற்பத் தகவமைத்துக்கொள்ளும் அனுபவங்களைப் பகிர விரும்புகிறோம்" என்று இருந்தது. பதிலே வரவில்லை. யார்தான் பதில் போடுவார்கள்? இரண்டாவது கடிதத்தில் நேராக விஷயத்துக்கு வந்தோம்: "உங்கள் பக்கத்தில் வீட்டில் மழை அளந்து, மண் சரியும் முன்னரே வெளியேறுகிறார்களாம். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். எங்களிடம் தேயிலை நாற்றங்காலை உறைபனியிலிருந்து காக்கும் முறை இருக்கிறது, அதைக் காட்டுகிறோம்." 4 நாளில் பதில் வந்தது.

நுவரெலியாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. உயரம் கிட்டத்தட்ட நம்முடையதுதான்: அது 1,868 மீட்டர், கோத்தகிரி 1,800-க்குப் பக்கம். அங்கேயும் தேயிலை, கேரட், உருளைக்கிழங்கு. இரண்டு பருவமழையும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், மொழிபெயர்ப்பாளர் செலவு கிடையாது. அடியும் இரண்டு பக்கமும் பட்டதுதான். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நம் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அவர்களுக்கு 2014 அக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தை. ஒரு தோட்டத்து லயன்களே (தொழிலாளர் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போன நாள்.

கடிதத்தில் 2 வரி சேர்த்துக்கொள்ளுங்கள், அலுவலக மேசைகளில் கோப்பு நகரும். ஒன்று, 2015-ல் ஏற்பட்ட பாரிஸ் பருவநிலை உடன்படிக்கையின் 7-வது பிரிவு. தகவமைப்பில் நாடுகள் தகவலையும் நல்ல நடைமுறைகளையும் பட்ட அனுபவத்தையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. மற்றொன்று, நீலகிரி இதற்குப் புதிதல்ல என்பது. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனமும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் சேர்ந்து நடத்திய 'லேண்ட்ஸ்லிப்' நிலச்சரிவு முன்னெச்சரிக்கைத் திட்டத்துக்கு டார்ஜீலிங்கும் நீலகிரியும்தான் சோதனைக்களம். 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறந்தபோது, முதலில் அறிக்கை பெற ஆரம்பித்த மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று.

உங்கள் முறையை எழுதும்போது 'வோகாட்' கேள்வித்தாளைப் பாருங்கள். நிலமும் நீரும் காக்கும் முறைகளை உலகம் முழுக்க ஒரே மாதிரி பதிவு செய்யும் படிவம் அது, இலவசம். சரிவு எத்தனை சதவீதம், மழை எவ்வளவு, எத்தனை ஆள் வேலை, என்ன செலவு என்று குடைந்து குடைந்து கேட்கும். அதை நிரப்பிய அன்றுதான், பனிக்காக நாற்றங்காலை மூட எத்தனை ஆள் போடுகிறோம் என்று எங்களுக்கே தெரிந்தது.

2. பாஸ்போர்ட்: இனிஷியல்தான் எமன்

கட்டணம் ரூ.1,500. 60 வயது தாண்டியவர்களுக்குப் புதுப் பாஸ்போர்ட்டில் 10 சதவீதம் தள்ளுபடி, ரூ.1,350. தட்கல் என்றால் மேலே ரூ.2,000. நீலகிரிக்குக் கோயம்புத்தூர் மண்டல அலுவலகம். போலீஸ் விசாரணைக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. டீச்செலவு கேட்டால் ரசீது கேளுங்கள்.

நம் பெயர்களுக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்தைப் பாஸ்போர்ட்டில் விரித்து எழுத வேண்டும். ஆதாரில் இனிஷியல், பான் அட்டையில் அப்பா பெயர் பின்னால், வாக்காளர் அட்டையில் இரண்டுமே இல்லை என்று இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். எங்களில் 4 பேருக்கு இந்தத் திருத்தம் மட்டுமே 6 வாரம் தின்றது. பிறகு டிக்கெட், விசா விண்ணப்பம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடியே எழுத வேண்டும். குடும்பப் பெயர் கட்டம் பாஸ்போர்ட்டில் காலியாக இருந்தால், டிக்கெட் போடும் முன் அந்த விமான நிறுவனம் எப்படி எழுதச் சொல்கிறது என்று கேட்டுவிடுங்கள். ஏஜென்ட் தன் இஷ்டத்துக்கு நிரப்பிவிடுவார்.

எங்கள் குழுவில் ஒரு பெரியவர். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்து, இங்கே டேன்டீயில் (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பிறந்த ஊர் என்ற கட்டத்தில் இலங்கை என்று போட்டதும் கவுன்ட்டரில் ஆயிரம் கேள்வி. அவர் தகரப் பெட்டியின் அடியில், கண்டி இந்தியத் தூதரக அலுவலகத்தில் அன்று கொடுத்த பழைய பாஸ்போர்ட் கிடந்தது. ஓரமெல்லாம் பாச்சை அரித்திருந்தது. அதைக் காட்டிய பிறகுதான் வேலை நகர்ந்தது. உங்கள் குழுவில் தாயகம் திரும்பியவர்கள் இருந்தால் இன்றே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். குடும்ப அட்டை, புனர்வாழ்வுத் தாள் எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

பயணத் தேதியிலிருந்து 6 மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

3. பட்டியலில் யார் யார்?

இந்த இடத்தில் யாரும் எச்சரிப்பதில்லை. வெளிநாட்டு அமைப்பு உங்களுக்குத் தங்க இடமோ டிக்கெட்டோ கொடுத்தால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எப்சிஆர்ஏ) அது வெளிநாட்டு விருந்தோம்பல். சாதாரண விவசாயிக்கு அதனால் சிக்கலில்லை. அரசு ஊழியர், அரசு நிறுவன ஊழியர், அரசியல் கட்சிப் பொறுப்பாளர், மக்கள் பிரதிநிதி ஆகியோர் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் எப்சி-2 படிவத்தில் முன் அனுமதி வாங்கியாக வேண்டும். மக்கள் பிரதிநிதி என்றால் எம்.எல்.ஏ. என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பஞ்சாயத்து, நகராட்சி உறுப்பினரும் அந்தச் சட்டத்தில் அடக்கம். டேன்டீயில் இப்போது வேலையில் இருப்பவர், கட்சியில் கிளைப் பொறுப்பில் இருப்பவர் எல்லோரையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். விண்ணப்பம் இணையத்தில்தான். கிளம்ப 2 வாரம் இருக்கும்போது போட்டால் போதும் என்பார்கள்; நான் 2 மாதம் முன்னால் போடச் சொல்வேன்.

எங்கள் குழுவில் ஒருவர் கட்சி ஒன்றியப் பொறுப்பாளர் என்பது அவர் வீட்டுச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. அவர் தன் செலவில் வந்தார்.

4. பணம் எந்தக் கணக்கில் வருகிறது?

ஒரு வெளிநாட்டு அமைப்பு "உங்கள் சங்கக் கணக்கு எண்ணைக் கொடுங்கள், போட்டுவிடுகிறோம்" என்றால் கொடுக்காதீர்கள். எப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் ஒரு ரூபாய்கூட வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. பதிவு பெற, சங்கம் தொடங்கி 3 ஆண்டாகியிருக்க வேண்டும், அந்த 3 ஆண்டில் ரூ.15 லட்சம் சேவைக்குச் செலவழித்திருக்க வேண்டும். பணமும் டெல்லி நாடாளுமன்றச் சாலை ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் முதலில் வர வேண்டும். சரி, பதிவுள்ள வேறொரு தொண்டு நிறுவனம் வாங்கி நமக்குக் கைமாற்றட்டுமே என்றால், 2020 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் கூடாது.

எங்கள் ஏற்பாடு எளிமையானது: பயணச் செலவு அவரவர் கையிலிருந்து, சோறும் படுக்கையும் விருந்தளிப்பவர் பொறுப்பு. ரொக்கம் கைமாறவே இல்லை. ஆளுக்கு 5 இரவுக்கு ரூ.36,000 ஆனது, பாஸ்போர்ட் தனி. பாதி விமானத்துக்கே போய்விட்டது. மாதம் ரூ.3,000 சீட்டுப் போட்டுச் சேர்த்தோம்.

நபார்டு பெயரைச் சொல்லி ஆசை காட்டுவார்கள். ஐ.நா.வின் தகவமைப்பு நிதிக்கு இந்தியாவில் நபார்டுதான் செயல்படுத்தும் அமைப்பு என்பது உண்மை. ஆனால் அது பெரிய திட்டங்களுக்கான வாசல். 9 பேர் பயணத்துக்கு அங்கே போய்க் காத்திருக்காதீர்கள்.

5. இலங்கை அனுமதியும் டிக்கெட்டும்

இந்தியர்கள் இணையத்தில் ஈ.டி.ஏ. எனப்படும் பயண அனுமதி வாங்க வேண்டும். கட்டணம் அடிக்கடி மாறுகிறது, சில காலம் இலவசமாகவும் கொடுத்தார்கள். போகும் மாதத்தில் பாருங்கள். தேடுபொறியில் முதலில் வருவதெல்லாம் சேவைக் கட்டணம் பிடுங்கும் இடைத்தரகர் தளங்கள். முகவரி 'கவ் டாட் எல்கே' என்று முடிந்தால்தான் அரசுத் தளம்.

அதில் சுற்றுலா, வணிகம் என்று வகைகள் இருக்கும். பயிலரங்கு, குறுகிய காலப் பயிற்சி, கருத்தரங்கு எல்லாம் 'வணிக' வகையில் வருகின்றன. நாங்கள் வியாபாரமா செய்யப்போகிறோம் என்று சுற்றுலாவில் போட்டோம். அழைப்புக் கடிதத்தில் பயிற்சி என்றும் அனுமதியில் சுற்றுலா என்றும் இருப்பதை அழைத்தவர்களே பார்த்துச் சொல்ல, மறுபடி விண்ணப்பித்தோம். கடிதமும் அனுமதியும் ஒன்றையே சொல்ல வேண்டும்.

திருச்சியிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரம்தான். கோத்தகிரியிலிருந்து திருச்சி போவதற்குத்தான் இடுப்பு உடையும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து மலைக்கு ஏற ஒரு முழு நாள் வேண்டும். இந்திய நோட்டு ஆளுக்கு ரூ.25,000 வரைதான் கொண்டுபோகலாம்.

6. எந்த மாதம்?

ஏப்ரலில் போகாதீர்கள். நமக்கு மே மாதம் எப்படியோ, நுவரெலியாவுக்கு ஏப்ரல் அப்படி. அறை வாடகை எகிறிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அவர்களுக்கு மண் சரியும் காலம். விருந்தாளியைக் கவனிக்க நேரமும் இருக்காது, சாலையும் இருக்காது. நாங்கள் பிப்ரவரியில் போனோம். மழைக்காலக் குறிப்பேடுகள் புதிதாகக் கையில் இருந்தன. அவர்களை இங்கே ஜனவரியில் அழைத்தோம்; உறைபனி அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

7. அங்கே போனதும்: அளவும் சொல்லும்

தமிழ்தானே என்று அசட்டையாக இருந்தால் முதல் நாள் முழுக்கக் குழப்பம்தான். நாம் நிலச்சரிவு என்போம், அவர்களுக்கு அது மண்சரிவு. பீன்ஸ் அங்கே போஞ்சி, முட்டைக்கோஸ் கோவா, காய்கறி மரக்கறி. வானொலியில் 'துகள் உறைபனி' என்றால் நம் உறைபனிதான். நிலத்தைப் பேர்ச்சஸ் கணக்கில் சொல்வார்கள்: ஏக்கருக்கு 160. நமக்கு ஏக்கருக்கு 100 சென்ட். 40 பேர்ச்சஸ் என்றால் 25 சென்ட்தான். இதை மாற்றாமல் விளைச்சலைக் குறித்துக்கொண்டு வந்து, எங்கள் ஆள் ஒருவர் ஊரில் பெரிய புரளியே கிளப்பினார்.

மழையிலும் இதே கதைதான். நம் செய்தித்தாள் சென்டிமீட்டரில் போடும், அவர்கள் மில்லிமீட்டரில் பேசுவார்கள். அங்கே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று 3 நிலையில் கொடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார், 150 என்றால் வெளியேற வேண்டும் என்பது அவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு.

லயன் வீட்டு முற்றத்தில் ஒரு கம்பத்தில் கட்டியிருந்தது அந்த மழைமானி. நேரான சுவருள்ள பிளாஸ்டிக் குழாய், மேலே எதுவும் மறைக்கவில்லை, 3 நிறத்தில் கோடு. கொழுந்துக்குப் போகும் முன் ஒரு அக்கா அதைக் கண் மட்டத்துக்கு எடுத்துப் பார்த்து, நோட்டில் எழுதி, தண்ணீரைக் கொட்டிவிட்டு மாட்டினார். அரை நிமிஷ வேலை. நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். "என்ன தம்பி, கடல் தாண்டி வந்து மழைப் போத்தலையா படம் பிடிக்கிறீங்க?" என்று சிரித்தார்.

படம் பிடிப்பதோடு நிற்காதீர்கள். இரவில் 100 தாண்டினால் யார் யாரை எழுப்புவது, எங்கே போவது, ஆடு மாடு என்னாவது, கிழவி வரமாட்டேன் என்றால் என்ன செய்வது என்று கேளுங்கள். எங்கள் நோட்டில் உருப்படியாக இருந்த 4 பக்கமும் இந்தக் கேள்விகளுக்கு வந்த பதில்தான்.

8. திரும்பும்போது விதை வேண்டாம், மண்ணும் வேண்டாம்

நல்ல லீக்ஸ் விதை என்று ஒருவர் சட்டைப்பையில் பொட்டலம் போட்டு வந்தார். விமான நிலையத்தில் பிடித்து வைத்துவிட்டார்கள். தவறு எங்களுடையதுதான். 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி விதைக்கு இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஒரு கைப்பிடி என்றாலும் அதே சட்டம்.

செருப்பையும் பூட்ஸையும் கிளம்பும் முன்பும் திரும்பும் முன்பும் தேய்த்துக் கழுவுங்கள். உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு நீலகிரியில் 1961-ல் கண்டுபிடிக்கப்பட்டது. நம் விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோக இன்றும் தடை இருப்பதற்கு அதுதான் காரணம். அந்தக் கூடு பல வருஷம் மண்ணிலேயே உயிரோடு கிடக்கும். நம் பூட்ஸ் மண்ணோடு அவர்கள் கிழங்குத் தோட்டத்தில் இறங்கினால் என்ன பகிர்ந்ததாக ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் எடுத்துப் போங்கள்.

9. அவர்கள் இங்கே வரும்போது

உண்மையில் போவதைவிட அழைப்பது கடினம்.

விசா: 'கருத்தரங்கு' என்று கடிதத்தில் எழுதிவிட்டால் சுற்றுலா விசா பொருந்தாது. கருத்தரங்கு விசாவுக்கு அழைப்புக் கடிதத்தோடு வெளியுறவு, உள்துறை அமைச்சகங்களின் அனுமதித் தாள்களும் கேட்கக்கூடும். ஒரு விவசாயக் குழு தனியாக அதை வாங்குவது மலையைப் புரட்டுகிற வேலை. அரசு ஆராய்ச்சி நிலையம், பல்கலைக்கழகம் ஏதாவது அழைப்பாளராக நிற்கச் சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கு 3 மாதம் ஒதுக்குங்கள்.

தங்குமிடம்: நம் வீட்டிலேயே படுக்க வைக்கலாம் என்று ஆசையாகத்தான் இருக்கும். வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் விவரம் பதிய வேண்டும். சி-ஃபார்ம் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதற்கான கணக்கு ஏற்கெனவே வைத்திருக்கும் லாட்ஜில் படுக்கை, சாப்பாடு நம் வீட்டில் என்று வைத்துக்கொண்டோம்.

இ-பாஸ்: 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வண்டிகளுக்கு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கட்டாயம். கட்டணம் இல்லை. டிஎன்-43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிக்குத் தேவையில்லை, அதனால் கோவை விமான நிலையத்துக்கு நம் ஊர் வேனையே அனுப்பிவிடுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக் கட்டுப்பாடும் உண்டு. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கீழேயே விட்டுவரச் சொல்லுங்கள், சோதனைச் சாவடியில் பிடுங்குவார்கள்.

எதைக் காட்டலாம், எதைக் கொடுக்கலாம்: நாற்றங்காலில் பெரணியும் காய்ந்த புல்லும் மூடுவது, பொழுது விடியும் முன் ஸ்பிரிங்க்ளரைத் திறந்து இலையிலிருக்கும் பனியைக் கழுவிவிடுவது, இதையெல்லாம் தாராளமாகக் காட்டலாம். நாட்டு விதை, மூலிகை, அவற்றைப் பற்றிய பாரம்பரிய அறிவு என்றால் கதை வேறு. வெளிநாட்டவர் ஆய்வுக்காக அவற்றைப் பெற 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி, சென்னை தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். குழுவோடு ஆய்வு மாணவர் யாராவது வந்தால் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கோத்தர், இருளர், குறும்பர் ஊர்களுக்குக் கூட்டிப்போவதானால் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் முன்னால் போய்க் கேளுங்கள். கேமராவோடு திடீரென்று போய் இறங்காதீர்கள்.

10. ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே மழைமானி

ஒரு வாரம் தள்ளினால் ஒரு வருஷம் தள்ளிவிடும். 2 லிட்டர் குளிர்பான பாட்டிலில் ஆரம்பித்தோம். மேல் கூம்பை வெட்டித் தலைகீழாகச் செருக வேண்டும். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தில் பூஜ்யக் கோடு போடுங்கள். தினமும் அளந்த பிறகு தண்ணீர் மறுபடி அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். அதற்கு மேல் சாதாரண ஸ்கேலை ஒட்டினால் ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டர்தான். சில்வர் ஓக் மரத்தடியில் மாட்டாதீர்கள். எங்கள் முதல் மானி அப்படித்தான் 3 வாரம் பொய் சொன்னது. காலை 8.30-க்கு எழுதுங்கள், வானிலைத் துறையும் அந்த நேரத்துக் கணக்குதான்.

இலங்கையின் 75, 100, 150-ஐ அப்படியே நம் சரிவில் ஒட்டிவிடாதீர்கள். அவர்கள் மண் வேறு, நம் மண் வேறு. வெளியேறும் முடிவுக்கு மாவட்ட நிர்வாகமும் புவியியல் ஆய்வுத் துறையும் தரும் எச்சரிக்கைதான் அடிப்படை. நம் நோட்டு அதற்குத் துணை. ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்க எழுதி, எந்த நாளில் எந்த வரப்பு விரிந்தது, எந்த ஊற்று கலங்கி வந்தது என்று பக்கத்திலேயே குறித்து, அதை ஊட்டியிலுள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தில் காட்டிக் கேளுங்கள்.

எங்கள் 9 வீட்டு மானிகளில் 6 இன்னும் ஓடுகின்றன. ஒன்றைக் குரங்கு கொண்டுபோனது. இன்னொன்றில் பேரன் மீன் வளர்க்கிறான். மற்றொரு வீட்டுக்காரர் தினமும் 10 என்று எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டோம். முதல் வருஷ நவம்பரில் ஒரு காலை என் வீட்டில் 92, மேட்டுக்கு அந்தப் பக்கம் 800 மீட்டர் தள்ளி இருக்கும் வீட்டில் 41. அதனால் ஊருக்கு ஒரு மானி போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓடைக்கு ஒன்றாவது வையுங்கள்.